பட்டாம்பூச்சிக்காக நனைத்த மண்

சிறுநீர் ஊறிய மண்ணில் உப்புக்காகப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான நான், சிறுமலைச் சாலையோரம் அந்த வேலையை முடித்துவிட்டு, கேமராவோடு அங்கேயே குப்புறப் படுத்திருந்தேன். சிறகின் அடிப்பக்கம் தெரிந்தால்தான் என்ன இனம் என்று சொல்ல முடியும். பாழாய்ப்போன பஸ் அப்போதுதான் வந்து நின்றது. பூச்சிகள் கலைந்து பறந்தன.

"ஐயா, விழுந்துட்டீகளா?" என்று கண்டக்டர் இறங்கி ஓடிவந்தான். என் பழைய மாணவன். பள்ளிச் சுவரில் ஒன்றுக்கிருந்ததற்காக என்னிடம் பிரம்படி வாங்கியவன்.

ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைத் தூக்கி நிறுத்தி, காலரில் செருகியிருந்த கர்ச்சீப்பால் என் முழங்கை ஈரத்தைத் துடைத்தான். நான் கேமராவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஏறி உக்காருங்கய்யா, திண்டுக்கல்லுக்குத்தான் போறோம்" என்றான். பிறகு அதே கர்ச்சீப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசில் கொடுத்தான்.