ஹசன் பாய் எடுத்த முகங்கள்

வேனின் மூக்கு வெளிவாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தியதும் ஹசன் பாய் செருப்புகளை எண்ணுகிறார். கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பை வேனிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவார்கள். இருபத்தொரு பேர் என்றால் இருபத்தொரு ஜோடி. ஒரு ஜோடி குறைந்தால் யாரோ மறதியாகப் போட்டுக்கொண்டே போய்விட்டார்கள் என்று அர்த்தம். திரும்பி வரும்போது செருப்பைக் காணோம் என்று ஒரு ரகளை நடக்கும். எண்ணி முடித்த பிறகுதான் சீட்டுக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய கேமரா வெளியே வரும். மச்சினன் துபாயிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, இரண்டு கல்யாணத்தோடு அலுத்துப்போய் இவர் தலையில் கட்டியது.

இனாமுல் ஹசன் என்று முழுப் பெயர் சொன்னால் காரைக்குடியில் யாருக்கும் தெரியாது. முருகப்பன் டிராவல்ஸ் ஹசன் பாய் என்றால் சிங்கம்புணரி வரைக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வயதில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங்கில் போனது. ராமேஸ்வரமும் திருச்செந்தூரும் எத்தனை தடவை போயிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு கோயிலுக்குள்ளும் போனதில்லை. வாசல்தான் அவர் எல்லை. அதனால் என்ன? "உள்ள போகும்போது இருக்க மூஞ்சி வேற, வெளிய வரும்போது இருக்க மூஞ்சி வேற. நமக்கு வெளிய வர்ற மூஞ்சி போதும்" என்பார். வாய் நிறையப் புளியோதரையோடு வருகிற கிழவர், கன்னியாகுமரிக் காற்றில் வேட்டியோடு மல்லுக்கட்டுகிறவர், கூட்டத்தில் தொலைந்த புருஷனைக் கண்டுபிடித்த கையோடு திட்டுகிறவள். எல்லாம் அவரிடம் இருக்கிறது.

மகள் சுஹானா கல்லூரியில் சேர்ந்த வருஷம் இந்தப் படங்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்து, 'வேன் நிக்கிற எடம்' என்று பெயரும் வைத்தாள். அத்தாவின் படங்களைப் பதினெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். பாய்க்கு அதில் பெருமைதான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். "வேல வெட்டி இல்லாதவுக" என்று சொல்லிவிட்டு, சிக்னலில் நிற்கும்போது எத்தனை லைக் என்று பார்ப்பார்.

போன தை மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகியிருக்கிறது, இனி தூரத்து வண்டி ஓட்டினால் ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனுஷன் என்ன செய்வார்? பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். அந்த நேரத்தில்தான் மதுரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவருடைய பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். கூடவே வந்து படம் எடுக்கிற வேலை. ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம், மாதச் சம்பளம். இருபது முகங்கள் அனுப்ப வேண்டும், விளம்பரத்துக்குப் போடுவார்கள், ஆகவே படத்தில் இருக்கிறவர்களின் கையெழுத்தும் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

அன்று ராத்திரி பாய் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார் என்று மனைவி ரஹீமா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். முதலாளி முருகப்பன் மட்டும் முகம் கொடுக்கவில்லை. "போறதுன்னா போங்க பாய். சாவியக் குடுத்த பெறகு திரும்பி வந்து கேக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதற்கு சிங்கம்புணரி பொன்னழகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலைக் காட்டில் களை எடுத்தே எழுபது வயதைத் தாண்டியவர். தனுஷ்கோடியில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தார். அலை காலைத் தொட்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொக்கை வாய் திறந்து அவர் சிரித்த சிரிப்பைப் பாய் எடுத்துவிட்டார். பதினோரு மாதம் கழித்துப் பொன்னழகு காலமானார். மகன் வீரபாண்டியன் போனில் அழுதான். "ஆத்தாவுக்கு வேற படமே இல்ல பாய். ஆதார் கார்டுல இருக்கது யாரோ மாதிரி இருக்கு." பாய் படத்தில் இருந்த கடலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்பினார். ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் பொன்னழகு சிரித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தவர்கள் விடுவார்களா? வேனில் போய்வந்த வீடுகளில் எங்கே சாவு விழுந்தாலும் பாய்க்குப் போன் வரத் தொடங்கியது. "மொத போன் ஐஸ் பெட்டிக்கு, ரெண்டாவது போன் எனக்கு" என்று அவரே சொல்வார். ஒரு பைசா வாங்கியதில்லை. தூக்கத்திலிருந்து எழுந்தாவது படத்தைத் தேடி அனுப்பிவிட்டுத்தான் படுப்பார்.

நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு வந்தது. பள்ளத்தூர் டீக்கடையில் எவனோ ஒருவன், "பாய் படம் எடுத்தா டிக்கெட் வாங்கிர வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேன் கட்டிக் கோயில் கோயிலாகப் போகிறவர்கள் எந்த வயதுக்காரர்கள்? இரண்டு வருஷத்தில் பத்துப் பதினைந்து பேர் போவது இயற்கைதானே? ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை மகளோடு உட்கார்ந்து இருபது படங்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இவுக மவுத்து. இவுகளும் மவுத்து. இந்தம்மா போன ரம்ஜானுக்கு மொத நா." இருபதில் பதினான்கு பேர் இல்லை. நல்ல படங்கள் எல்லாம் அந்தப் பதினான்கில்தான் இருந்தன. சுஹானா கம்ப்யூட்டரை மூடினாள்.

பிள்ளைகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கம்பெனியில் சொன்னார்கள். வீரபாண்டியன் வீட்டுக்குப் போனார். சுவரில் மாலை போட்ட பொன்னழகு, நெற்றியில் நிஜக் குங்குமம். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் வீரபாண்டியன் கேட்டான்: "எங்க ஆத்தா மூஞ்சிய பஸ்ஸு பின்னாடி ஒட்டுவாகளா பாய்?" கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். பாய் பைக்குள் இருந்த தாளை எடுக்கவே இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மற்ற வீடுகளுக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை.

ஆக, உயிரோடு இருக்கிற பதினான்கு முகங்கள் வேண்டும். புதன்கிழமை ராமேஸ்வரம் சவாரி இருந்தது. கோயிலை விட்டு வெளியே வந்தவர்களைப் பார்த்துப் பாய் கேமராவைத் தூக்கினார். முன்னால் வந்த சித்ரா டீச்சர், பணி ஓய்வு பெற்றவர், கணக்கு வாத்தியார், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "கோவிச்சுக்காதீக பாய். எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்க கிடையாது. ஆனா மகளுக்கு இது ஒம்பதாம் மாசம். எதுக்கு வம்பு?"

டீச்சரே மூடிக்கொண்டபின் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும். ஒருவர் செருப்பு தேடினார். இருவர் அங்குட்டுப் பார்த்தார்கள். ஒரு தாத்தா மட்டும் "எடுப்பா, எனக்கென்ன" என்று வந்தார். அவர் மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் பாய் பாட்டுப் போடவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தபோது இருபத்தொரு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். இடுப்பு வலித்தது. அதைவிட அவமானம் வலித்தது.

விஷயத்தைக் கேட்டு ரஹீமா கொதித்துவிட்டாள். "போட்டோவே எடுக்காதவுக யாரும் மவுத்தாகலையாமா? வெவஸ்த கெட்ட சனங்க! நாளைக்கு நான் உக்காருறேன். எங்க அக்கா தங்கச்சியக் கூட்டியாறேன். பதினாலு என்ன, நாப்பது மூஞ்சி எடுங்க."

வியாழக்கிழமை காலையிலேயே பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கிழக்கு ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் மடியில் தயாராக இருந்தது. வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. இருபத்து மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம். இத்தனை அழகாகப் பாய் பார்த்ததில்லை. வேலை கிடைத்துவிடும் என்று அந்தக் கணமே தெரிந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தார். ஃபோகஸ் காட்டுகிற பச்சைக் கட்டம் அவள் முகத்தில் போய் நின்றது.

பயம் வந்தது. முட்டாள்தனம் என்று தெரிந்தே வந்தது. டீக்கடைக்காரன் சொன்னதை நம்புகிறோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்றுதான் மனசு சொன்னது. விரல் மட்டும் இறங்கவில்லை.

"என்ன, இப்படியே நிக்கிறீக? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அசையாத."

கேமராவை ஒரு சாண் அங்குட்டு நகர்த்தி, வெறும் சுவரைப் பார்த்து அழுத்தினார். சத்தம் கேட்டதும் ரஹீமா முகமெல்லாம் மலர எழுந்து ஓடிவந்தாள். "எங்க, காட்டுங்க!"

"சார்ஜ் போயிருச்சு" என்றார் பாய். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.