நெயில் பாலிஷ் பூசிய கண்ணாடி

நான் நான்காவது படித்த வருஷத்துக் கோடை விடுமுறையில், என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால், அம்மா என்னையும் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். நான் பிறந்த பிறகு மேலே படிக்கப் போனவள் அவள். கடலூரிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு வருவாள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா முந்தைய நாள்தான், "போதும் விடு, உடம்பைக் கெடுத்துக்காத" என்று சொல்லியிருந்தார்.

"நாளைக்கு ஒருவாட்டி பாக்கறேன். வரலன்னா வுட்டுடறேன்" என்றாள் அம்மா.

எது வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரை அடைத்து, அதில் பொடிப்பொடிப் பிளாஸ்டிக் துகள்களை விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். இரு முனையிலும் ஒயர். கரண்ட் கொடுத்தால் துகள்கள் ஒரு பக்கமாக நகரும். அந்த வேகத்தை அவள் அளக்க வேண்டும். ஆனால் கரண்ட் கொடுக்கும் முன்பே அவை தேர் பார்க்கப் போகிற ஜனம் மாதிரி கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஜாலியா ஓடுதும்மா" என்றேன்.

"அதான்டி பிரச்சனையே."

தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்த ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஈரம். "கசியுது பாரு! தண்ணி போற பக்கமே எல்லாம் போவுது." சுற்றிலும் தேடிய அவள் பார்வை என் விரல்களில் வந்து நின்றது.

"நெயில் பாலிஷ் பையில இருக்கா?"

"சித்தி வாங்கிக் குடுத்ததும்மா!"

"வேற வாங்கித் தரேன், குடுடா தங்கம்."

நாலு ஓரமும் சிவப்பாகப் பூசினாள். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து பார்த்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். குளிரில் நடுங்குவதுபோல் துகள்கள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. ஒயரை மாற்றிக் கொடுத்தாள், திரும்பி வந்தன. நான் கைதட்டினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அப்பா பைக்கோடு காத்திருந்தார்.

"கசிவு நின்னுடுச்சுங்க, வந்துடுச்சு" என்றாள் அம்மா.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "அப்ப நாளைக்கும் ரயிலுதானா?" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

வழியெல்லாம் நான் துகள்கள் ஓடிய கதையையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடியதற்காகத்தான் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். ஓடுவதற்கு முன்பே, அவை சும்மா நின்றபோதே அவள் சிரித்துவிட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.