இரண்டாவது சிலிண்டர்

ஜமீலா கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் ஸ்கூட்டர்தான். சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தார். படுக்கையிலேயே கிடப்பவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, யூரின் டியூப் மாற்றுவது, ஊசி போடுவது. ஒரு பக்கம் பாலசமுத்திரம் வரைக்கும் இன்னொரு பக்கம் திருப்பதி வரைக்கும் ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒரு மழை நாளில் குறுக்கே ஓடிவந்த பன்றி மேல் ஸ்கூட்டர் மோதி அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் யாருக்கும் எதுவும் செய்ய முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் கணவர் சலீம்தான் அப்போது சொன்னார்: “பழசோ புதுசோ, ஒரு கார் வாங்கிடலாம். இன்னொரு வாட்டி நீ விழுந்தா என்னால பாத்துக்கினு இருக்க முடியாது.”

திருப்பதியில் பழைய கார் விற்கும் சுரேஷ்பாபுவிடம் 2009 மாடல் வெள்ளைக் கார் ஒன்று கிடைத்தது. “பெட்ரோல் வண்டி மேடம். ஒரே ஓனர். ப்ராப்ளமே லேது” என்றார் அவர். ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாவது வாரம், அலிபிரி பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சிக்னலில் வண்டி உதற ஆரம்பித்தது. ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது. இன்ஜின் நாலு அடியில் ஓர் அடி நொண்டுவது போலச் சத்தம் போட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு மின்னியது. பச்சை விழுந்து வேகம் எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

அதன் பிறகு அது அடிக்கடி வந்தது. திருப்பதி மெக்கானிக் ஒருவர், “மிஸ்ஸிங் வருது, ப்ளக் போயிருக்கும்” என்று நாலு ப்ளக்கையும் மாற்றினார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. சித்தூரில் இன்னொருவர் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கண்டுபிடித்தார். அந்தச் சிலிண்டரின் ப்ளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். அப்போதும் இரண்டாவதுதான் மிஸ் ஆனது. இன்ஜெக்டரைக் கழுவினார்கள், ஒயரை மாற்றினார்கள், பெட்ரோல் பங்க்கை மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஜமீலா காலையில் வண்டியை விட்டுவிட்டு வருவார், சாயங்காலம் “சரியாயிடுச்சி” என்று கொடுப்பார்கள். கடைசியாக ஒருவர், “நீங்க கிளட்ச் மேல காலை வெச்சிக்கினே ஓட்டுறீங்க மேடம், அதான்” என்றார். ஜமீலா ஒரு வாரம் தன் இடது காலையே கவனித்துக்கொண்டு ஓட்டினார். காலில் தப்பு இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் பாலசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. கிருஷ்ணப்பா என்ற பெரியவருக்கு யூரின் டியூப் அடைத்துக்கொண்டுவிட்டது. அவருடைய மருமகள் ரோஜா அழாத குறையாகப் பேசினாள். “சிஸ்டர், மாமா வலில துடிச்சிக்கினு இருக்காரு. சீக்கிரம் வாங்க.”

ஜமீலா அப்போது திருப்பதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அப்படியே பாலசமுத்திரம் ரோட்டில் திருப்பினார். வழியில் ரோடு போடும் வேலை. ஒரு பக்கமாகத்தான் வண்டிகளை விட்டார்கள். வரிசையில் கால் மணி நேரம் நின்றபோது இன்ஜின் உதறி உதறி அணைந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பிடித்து, மறுபடி அணைந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு பேட்டரியும் இறங்கிவிட்டது. வண்டியை ஓரம் தள்ளி விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து, பின்னால் வந்த ஒரு பால்காரரின் பைக்கில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கிருஷ்ணப்பாவின் வயிறு கல்லாக இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. டியூபை மாற்றியதும் அவர் மூச்சு விட்டார்.

“லேட்டாயிடுச்சிம்மா” என்றார். குறை சொல்லும் குரலில்லை. ஆனால் ஜமீலாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சலீம், “வித்துத் தலமுழுகிடு” என்றார்.

“வாங்குறவன்கிட்ட இன்னா சொல்லி விக்கிறது?”

“ஓடுதுன்னு சொல்லு. ஓடத்தானே செய்யுது.”

“அப்டி சொல்லித்தான் எனக்கும் வித்தாங்க” என்றார் ஜமீலா.

நோயாளிகளின் விவரம் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவர் அடுத்த நாளிலிருந்து காரைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு தூரம் ஓடியபின், ஏசி போட்டிருந்ததா, மழையா வெயிலா. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் அவர் எப்படியும் எழுதத்தான் செய்வார். பன்னிரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தார். முதல் இருபது நிமிடத்தில் ஒரு தரம்கூட மிஸ்ஸிங் வரவில்லை. நாற்பதுக்கு மேல் வேகம் போகும்போது வரவில்லை. நீளமாக ஓட்டிவிட்டு நிற்கும்போதுதான் வந்தது. ஏசி போட்டிருந்தால் அதிகம். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ப்ளக் மாற்றிய பின் இரண்டு நாள் ஏன் நன்றாக இருந்தது என்பதும் புரிந்தது. அந்த இரண்டு நாளும் சித்தூருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம்தான் ஓட்டியிருந்தார்.

நோட்டோடு முனிகிருஷ்ணனிடம் போனார். சித்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் தனியாக ஷெட் வைத்திருந்தவர், நாற்பது வயது இருக்கும். பழைய வண்டிகள்தான் அவரிடம் வரும். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

“யாரு எழுதினது இது?”

“நான்தான் தம்பி.”

“இதுக்கு முன்னாடி பாத்தவங்க வண்டிய சூட்டுல பாத்தாங்களா, ஆறின பின்னாடி பாத்தாங்களா?”

ஜமீலா யோசித்தார். “எல்லாருமே காலைல உட்டுட்டுப் போகச் சொன்னாங்க. அவுங்க தொடுறப்போ ஆறித்தான் இருந்திருக்கும்.”

“அப்போ நோயில்லாத நேரத்துல டெஸ்ட் பண்ணியிருக்காங்க” என்றார் முனிகிருஷ்ணன். “இன்னிக்கி நான் ஒண்ணும் மாத்தப்போறதில்ல. மொதல்ல ஆறினதா ஒரு டெஸ்ட். அப்புறம் பாகால வரைக்கும் அரை மணி நேரம் ஓட்டிப் போயி வாங்க. ஆஃப் பண்ணாம நேரா இங்க கொண்டாங்க.”

ப்ளக் துளையில் ஒரு மீட்டரை முடுக்கி, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். அதைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். ஆறிய இன்ஜினில் மூன்று சிலிண்டர் நூற்றெழுபது பக்கம் காட்டின, இரண்டாவது நூற்றைம்பது. “இத வெச்சி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பழைய வண்டின்னு உட்டுருவாங்க” என்றார்.

ஜமீலா பாகால வரை ஓட்டித் திரும்பினார். ஷெட் வாசலில் நின்றதுமே வண்டி நொண்டியது. இந்த முறை அது நொண்டியதில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. முனிகிருஷ்ணன் துணியைச் சுற்றிக்கொண்டு சூட்டோடு ப்ளக்குகளைக் கழற்றினார். மற்ற மூன்றும் அப்படியே நின்றன. இரண்டாவதில் முள் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. இன்னொரு முறை செய்தார். அதேதான்.

“கரண்டும் இல்ல, பெட்ரோலும் இல்லக்கா. உள்ள வால்வு மூட மாட்டேங்குது.”

வண்டி ஆற வேண்டும் என்று மறுநாள் வரச் சொன்னார். ஜமீலா வந்தபோது இன்ஜினின் மேல்மூடி திறந்திருந்தது. வால்வின் மேல்நுனிக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டுமாம். மெல்லிய இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக் காட்டினார். மற்ற இடங்களில் தகடு போய் வந்தது. இரண்டாவது சிலிண்டரில் புகை வெளியேறும் வால்வில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

“இந்த வண்டி காஸ்ல ஓடினதா?”

“இல்ல தம்பி, பெட்ரோல் வண்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

முனிகிருஷ்ணன் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கினார். தகரத்தில் சதுரமாக நாலு துளைகள். ரப்பரை அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். காஸ் சிலிண்டர் வைக்கும் சட்டம் அங்கேதான் முடுக்கப்பட்டிருந்தது.

அவர் சொன்னது இது: காஸ் வறண்டு எரியும். அதற்கென்று செய்யாத இன்ஜினில் வருடக்கணக்காக எரிந்தால் வால்வு உட்காரும் இடம் தேயும், வால்வு மேலேறி அந்தக் கையை ஒட்டிக்கொள்ளும், இடைவெளி போய்விடும். சூடானதும் வால்வு நீளும். இடைவெளி இல்லாததால் முழுசாக மூடாது. மெதுவாக ஓடும்போது அழுத்தம் கசிந்துவிடும். வேகமாக ஓடும்போது கசிய நேரமில்லை.

“இப்போ இடைவெளிய சரி பண்ணிக் குடுக்கிறேன். ஓடும். ஆனா இது வைத்தியம் இல்லக்கா, தள்ளிப்போடுறதுதான். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் வந்து காட்டுங்க. மறுபடி கொறஞ்சா, வால்வு இருக்கிற ஹெட்ட எறக்கி வேலை பாக்கணும்.”

அன்று மதியம் ஜமீலா திருப்பதிக்குப் போனார். ஏசியைப் போட்டுக்கொண்டே மூன்று சிக்னலில் நின்றார். வண்டி அசையவில்லை.

வண்டி வாங்கியபோது கொடுத்த காகிதங்களில் பழைய ஓனரின் பெயரும் நம்பரும் இருந்தன. ரவி, ராமகுப்பம். கூப்பிட்டபோது அவன் எதையும் மறைக்கவில்லை.

“ஆமாக்கா, மூணு வருஷம் காஸ்ல ஓட்டினேன். வெளியிலதான் காஸ் கிட் போட்டேன், ஆர்சி புக்குல ஏத்தல. விக்கிறப்போ கழட்டிட்டேன். சுரேஷ்பாபுகிட்ட சொல்லித்தானே குடுத்தேன்?” பிறகு, “வண்டி இன்னும் ஓடுதாக்கா?” என்று கேட்டான்.

“ஓடுதுப்பா” என்றார் ஜமீலா.

மறு வாரம் சுரேஷ்பாபுவின் கடைக்குப் போய், போனில் எடுத்திருந்த துளைகளின் படத்தைக் காட்டினார்.

“நாக்கு தெலீது மேடம். எனக்கே தெரியாது.”

“ரவி சொல்லித்தான் குடுத்தேன்னு சொல்றான்.”

அவர் டீ சொல்லட்டுமா என்றார். பிறகு, வேண்டுமென்றால் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வேறு வண்டி தருகிறேன் என்றார்.

“இத அடுத்து வாங்குறவங்ககிட்ட இன்னா சொல்லுவீங்க?”

ஜமீலா வெளியே வந்தார். கடை மைதானத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஒரு நீலக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஜமீலா நின்றார். “டிக்கி விரிப்ப தூக்கிப் பாருங்க. அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து, இன்ஜின அணைக்காம நிறுத்தி வெச்சிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறினார். கண்ணாடியில் பார்த்தபோது அந்தப் பெண் டிக்கிக்குள் குனிந்திருந்தாள். சுரேஷ்பாபு வேகமாக அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

மூவாயிரத்தில் இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆறாயிரத்தில் பாதிதான் மிச்சம். மிஸ்ஸிங் இன்னும் வரவில்லை, ஆனால் ஜமீலா காத்திருக்க விரும்பவில்லை. பிப்ரவரியில் ஹெட் வேலைக்காக ஆறு நாள் ஒதுக்கினார். அதற்கு முன்பே, கிருஷ்ணப்பாவின் டியூபில் அடைப்பு வந்தால் எப்படிக் கழுவிவிடுவது என்று ரோஜாவை இரண்டு முறை தன் எதிரிலேயே செய்ய வைத்துப் பழக்கினார். அந்த ஆறு நாளும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனார். தூரத்து வீடுகள் இரண்டை மட்டும் பழைய ஆஸ்பத்திரித் தோழி யமுனா பார்த்துக்கொண்டார்.

ஹெட் திருப்பதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய், வால்வு உட்காரும் இடங்கள் புதிதாகப் போடப்பட்டுத் திரும்பியது. பழைய வால்வை முனிகிருஷ்ணன் எடுத்துவைத்திருந்தார். அதன் விளிம்பு ஒரு பக்கம் வெளுத்து, காகிதம் போல மெலிந்திருந்தது.

“இன்னும் ரெண்டு மாசம் உட்டிருந்தா ஒடஞ்சி இன்ஜினையே துன்னிருக்கும்” என்றார்.

ஜமீலா அதைக் கையில் வாங்கி, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பத்து மாதம் தன்னை அலையவிட்டது இவ்வளவு சின்னதா என்று இருந்தது அவருக்கு. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். மணி பத்தரை. அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது.