கப்பலை ஆட்டிப் பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு

“துணி மெஷினை இப்பதான் போடணுமா? ரெண்டு கப்பலும் நடுக்கடல்ல நின்னு போச்சு.”

கத்தியது என் கணவர். “முழுகலையே, நிக்கட்டும்,” என்றேன் நான். கப்பலை ஆட்டிப் பார்ப்பது இவர் தொழில். அந்த ஆட்டமெல்லாம் எங்கள் ஹாலில் நடப்பதால் பாதித் தொழில் என்னுடையது. கடலில் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி எண்ணெய் மாற்றுவார்கள். எந்த அலைக்கு எது எவ்வளவு ஆடும், எந்தக் கயிறு அறும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து இவர் சொல்ல வேண்டும். கணவரின் ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்ட சகோதரிகளே, மீதி உங்களுக்கே தெரியும்.

ஒரு கூடைத் துணி

மலேசியாவில் லிங்கி பக்கம், தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குக் கட்டிய பழைய வீட்டில் இருக்கிறோம். சுற்றிலும் செம்பனை மரங்கள். ஒயரிங்குக்கு என்னைவிட வயது அதிகம்; கம்ப்யூட்டருக்காக ஏர்கோன் ஓடும்போது துணி மெஷினைப் போட்டால் கரண்டு போய்விடும். அன்றைக்கும் போனது. முந்தின நாளிலிருந்து கம்ப்யூட்டரில் ஓடிய கணக்கு அதோடு செத்தது. செனாவாங் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒயர்மேன் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

“அக்கா, இந்த வீட்டுல கப்பல் ஓடும், இல்ல துணி துவைக்கும். ரெண்டும் சேந்து நடக்காது லா.”

தனித்தனியாக

இவரோடு வேலை செய்யும் மாலதி புதிதாகக் கல்யாணமானவள். முதல் வேலையில் அவசரப்பட்டு, பெரிய கப்பலைத் தனியாகவும் சின்னதைத் தனியாகவும் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒட்டிக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் ஒன்று நின்றால் அலை அதில் மோதித் திரும்பி வந்து இதை ஆட்டும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டுமாம். திருத்திக்கொண்டு போக வீட்டுக்கு வந்தாள். நான் மீன்கறி ஊற்றினேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“தனியா இருந்தப்ப ரெண்டுமே அமைதியாத்தான் இருந்துச்சு கா.”

நடுவில் கிடக்கும் தண்ணீர்

எங்கள் ஒரே மகள் ஷாமினி ஒரு சின்ன எண்ணெய்க் கப்பலில் அதிகாரி. ஒருநாள் தேத்தண்ணி கொண்டு போனபோது திரையைப் பார்த்துவிட்டேன். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான தண்ணீர் எழும்பி எழும்பி மேல்தட்டைத் தொட்டது. ஷாமினி நிற்கிற தட்டும் இப்படித்தானா என்று கேட்டேன். இவர் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியை எனக்குத் தள்ளினார். கான்வென்ட் பள்ளியில் எங்கள் கன்னியாஸ்திரி டீச்சர் ஆண்டு முழுக்க விசைகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். இவர் அன்றைக்குச் சொன்ன மாதிரி ஒருநாளும் சொன்னதில்லை.

“நெசத் தண்ணி இவ்வளவு எழும்பாது ரஞ்சி. சுழிச்சு சுழிச்சுக் களைச்சிடும். கம்ப்யூட்டருக்குக் களைப்புன்னா தெரியாது, நாமதான் சொல்லிக் குடுக்கணும்.”

ஷாமினியின் முறை

இந்தத் தடவை இவர் மேசைக்கு வந்ததே ஷாமினியின் கப்பல்தான். லிங்கிக்கு வெளியே கடலில் ஒரு பெரிய கப்பலோடு சேர்த்துக் கட்டி எண்ணெய் மாற்ற வேண்டும். முடிந்ததும் அவளுக்கு லீவு. தீபாவளிக்கு வீட்டில் இருப்பாள். நான் நெத்திலிச் சம்பல் கிளறிப் போத்தலில் அடைத்து, அவள் கட்டிலுக்கு விரிப்பும் மாற்றிவிட்டேன்.

சுமத்ரா பக்கமிருந்து திடீர் திடீரென்று காற்றடிக்கும் பருவம். அந்த அலையைப் போட்டு ஓட்டினால் முன்பக்கத்துக் கயிறு அறுகிறது. திரும்ப ஓட்டினார், அறுந்தது. மாலதி தனியாக ஓட்டினாள், அதிலும் அறுந்தது. காற்றுப் பருவம் அடங்கும்வரை கட்ட வேண்டாம் என்று இவர் எழுதி அனுப்பினார். அடங்குவதற்குள் தீபாவளி போய்விடும்.

“பெத்த பொண்ணு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்ட அப்பன் நீங்க ஒருத்தர்தான்,” என்றேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் ஷாமினி கூப்பிட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். 

“அப்பாவை ஏசாதம்மா. அந்தக் கயித்துக்கிட்ட நிக்கிறது நான்தான்.”

இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்ட இத்தனை கணக்கு வைத்திருக்கிற மனிதரிடம், ஒரு பெண்ணை வீட்டில் கொண்டுவந்து சேர்க்க ஒரு கணக்கும் கிடையாது.

சாப்பிட்ட பிறகு இவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“அனுப்ப வேணாம், சும்மா நான் பாக்கத்தான். அலையைக் கொஞ்சம் கொறச்சுப் போட்டு, கயிறு அறாம ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்களேன்.”