குழாய்க்குக் காவல் நின்ன மனுஷன்

என் வீட்டுக்காரரு ராய்ஸ்டன் டிரான்டர் நல்ல மனுஷன். அத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இதப் படிச்சு முடிக்கிறப்ப உங்களுக்கு அப்படித் தோணாது. பப்புக்குக் குடிக்கப் போனா ஒரு கிளாஸோட எந்திரிச்சிருவாரு. உருளைக்கிழங்கு அடிபிடிச்சிருந்தாலும் வாயத் தொறக்காம தின்னுருவாரு. பூட்டுக் கம்பெனில சாவி சரியா திரும்புதான்னு சோதிச்சு சோதிச்சே காலத்த ஓட்டினவரு. ரிட்டயர் ஆனதும் சோதிக்கறதுக்கு நாங்கதான் கெடச்சோம்.

டட்லிங்கற ஊர்ல எங்க வீடு. டீன் காட்டுக்குள்ள ஒரு கேரவன் முகாம்ல எங்களுக்கு இடம் இருக்கு. கார்ல கட்டி இழுக்குற அந்த வீட்டு வண்டிய மார்ச்சுல கொண்டு நிறுத்தினா அக்டோபர்லதான் எடுப்போம். இருபது வருஷத்துக்கு மேல அதே ஓக் மரத்தடி. மக லோர்னா வளந்தது பாதி அங்கதான். இப்ப அவ மக டில்டாவும் வர்றா. சனி, ஞாயிறு, லீவு நாளு எல்லாத்துக்கும் ராய்ஸ்டன் ஒரு திட்டம் வச்சிருப்பாரு. ஆந்தைப் பண்ணை, நீராவி ரயிலு, காட்டுப்பன்னி மண்ணைக் கெளறிப் போட்ட பாதை. மழை வந்தா கார் டிக்கிய மேல தூக்கிட்டு அதுக்கடியில நாற்காலி போட்டு உக்காந்து முட்டை சாண்ட்விச் தின்னணும். திரும்பிப் போகலாம்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நனைஞ்ச காலுறையோட தின்ன முட்டை ரொட்டி எத்தனைன்னு எனக்கே தெரியாது.

முகாம்லயும் அவரு வச்சதுதான் சட்டம், வார்டன் மெர்வ் கூட அவ்வளவு பேச மாட்டான். யாராவது அடுத்தவன் இடத்துக்குள்ள பூந்து குறுக்க நடந்தா இவரு தொண்டையக் கனைப்பாரு. நாய் கயித்த நீளமா விட்டா போய் நின்னு கயித்தையே பாப்பாரு. எல்லாத்துக்கும் மேல அந்தக் குடிதண்ணிக் குழாய். கேரவன் கக்கூஸுக்கு அடியில கழிவு சேர்ற பெட்டி ஒண்ணு இருக்கும். அந்தக் கக்கூஸ் பெட்டிய கழிவுக்குழில கொட்டி, அங்க இருக்குற ரப்பர் குழாய்லதான் அலசணும். அந்தப் பெட்டியோட குடிதண்ணிக் குழாய்ப் பக்கம் போகவே கூடாது. கேரவன்காரங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டாம், ஆனாலும் இவரு சொல்லிட்டே இருப்பாரு. முகாம்ல இவருக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு. அவருக்கு அது தெரியும். உள்ளுக்குள்ள பெருமைதான்.

போன மே மாச லீவுக்கு எங்களுக்கு எதுத்தாப்புல ஒரு கூடாரம் வந்துச்சு. கீலின்னு ஒரு சின்னப் பொண்ணு, கைக்குழந்தையோட. புருஷன் இறக்கி விட்டுட்டு வேலைக்குத் திரும்பிட்டான், திங்கக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவானாம். அவளா கூடாரம் கட்டினா, காத்துல ஒரு பக்கம் சாஞ்சுதான் நின்னுச்சு. சனிக்கிழமை மத்தியானம் அவ குடிதண்ணிக் குழாய்ல பால் புட்டியக் கழுவிட்டு இருந்தா. ராய்ஸ்டன் பாத்துட்டாரு.

அஞ்சாறு பேரு வாளியோட வரிசையில நின்னாங்க. அத்தனை பேரு முன்னாடி நிறுத்தி வச்சு, குழாய்ல எதையும் கழுவக் கூடாது, மத்தவங்க குடிக்கிற தண்ணி, போர்டுல எழுதி இருக்கு, படிக்கத் தெரியும்லன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு மொகம் காதுவரைக்கும் செவந்து போச்சு. புட்டிய நெஞ்சோட அணைச்சுட்டுப் போயிட்டா.

நான் கேரவனுக்குள்ள வந்ததும் கேட்டேன். "அந்தக் குழாய உங்க அப்பனா நட்டாரு? பால் புட்டிதான கழுவினா, பன்னியவா குளிப்பாட்டினா?"

"இன்னைக்குப் புட்டி, நாளைக்கு வேற எதாவது. சட்டம்னா சட்டம், நொரீன்"ன்னாரு.

மறுநாள் ஞாயிறு. டில்டாவுக்கு நீராவி ரயிலு. மொத வண்டியிலயே ஏறணும், என்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டில உக்காரணும்னு ஒரு வாரமா அதே பேச்சு. ஸ்டேஷன்ல கார் நிறுத்துற எடம் சின்னது, சீக்கிரம் போகலன்னா எடம் கெடைக்காதுன்னு ராய்ஸ்டன் விடியறப்பவே எழுந்துட்டாரு. நானும் லோர்னாவும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிட்டு இருந்தோம். அவரு கக்கூஸ் பெட்டிய இழுத்துட்டுப் போனாரு, வழக்கத்த விடக் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டாரு. நான் எதையும் கவனிக்கல.

கார்ல ஏறினதுக்கப்புறம்தான் கவனிச்சேன். இவரு வண்டி ஓட்டினா வாய் ஓயாது. அந்த வளைவுல ஒரு தடவ ஆடு செத்துக் கெடந்துச்சு, இந்த மரத்துல மரங்கொத்தி இருந்துச்சுன்னு சொல்லிட்டே வருவாரு. அன்னைக்கு மூச்சு விடல. ஸ்டேஷன் வந்துச்சு, நிறுத்த எடமும் கெடச்சுது. வண்டிய அணைச்சாரு, எறங்கல. ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு அப்படியே இருந்தாரு.

நெஞ்சு வலியோன்னு பயந்து போய் என்னன்னு கேட்டேன்.

கழிவுக்குழில ரப்பர் குழாய் சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சாம். காலைல யாரும் இல்ல. ஒரே ஒரு தடவைதானேன்னு பெட்டிய குடிதண்ணிக் குழாய்க்கு உருட்டிட்டுப் போய், பெட்டி வாய குழாய் மூக்குல வச்சு அலசிட்டாராம். குழாய் மூக்கெல்லாம் தெறிச்சுதாம். அத தொடைக்கக் கூட இல்ல, அதுக்குள்ள கீலி கேன எடுத்துட்டு வந்துட்டா.

"வந்து என்ன சொன்னா?"ன்னு கேட்டேன்.

"நேத்து தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னா."

"நீங்க?"

"பரவாயில்லம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பின்னாடி சீட்டுல லோர்னா அப்படியே ஒடுங்கிட்டா. "அப்பா, அவ அந்தத் தண்ணியிலதான் பாப்பாவுக்குப் பால் கலப்பா."

அது அவருக்குத் தெரியாததா? அதுக்குத்தான் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. ஆனா அப்பவும் மனுஷன் ஒரு சந்து தேடினாரு. மெர்வுக்குப் போன் போட்டு, குழாய் அசிங்கமா இருந்துச்சு, மூடிருன்னு மட்டும் சொல்றேன், யாரு எவருன்னு சொல்ல வேண்டாம்னாரு. இத்தனை வருஷமா எங்களுக்கு அங்க ஒரு மரியாதை இருக்கு, நொரீன், அப்படின்னாரு. நான் போன எடுத்துப் பாத்தேன். காட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடு கூட இல்ல. இருந்திருந்தா அவரு அப்படியேதான் செஞ்சிருப்பாரு. அத நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆறல.

டில்டா எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தா. ஏழு வயசு, காது பாம்புக் காது. "தாத்தா, அந்தப் பாப்பாவுக்கு வயித்தால போகுமா?"ன்னா.

அவரு வண்டியக் கெளப்பினாரு. ரயிலு ஊதுற சத்தம் கேட்டுச்சு, எந்தப் பக்கம்னு கூட யாரும் திரும்பிப் பாக்கல.

வழியில ஆட்டுக் கூட்டம் ரோட்டுல படுத்துக் கெடந்துச்சு. காட்டு ஆடுங்களுக்கு ஹாரன் அடிக்கக் கூடாதுங்கறது இவரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. அன்னைக்கு ஹாரன்ல கைய வச்சு எடுக்கவே இல்ல. அதுங்க அசைபோட்டுட்டே இவரப் பாத்துச்சுங்க. நான் எறங்கிப் போய் ஒண்ணு ஒண்ணா முதுகுல தட்டி வெரட்டினேன்.

முகாமுக்கு வந்தப்ப கீலி கூடாரத்து வாசல்ல பாப்பாவ மடில வச்சுட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல ஒரு குவளைத் தண்ணியில பால் புட்டி ஆறிட்டு இருந்துச்சு. கூடாரத்துல தட்டறதுக்குக் கதவு ஏது, இவரு கூடாரக் கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டாரு. தொப்பியக் கழட்டிக் கைல பிசைஞ்சாரு.

"அந்தக் குழாய்..."ன்னு ஆரம்பிச்சாரு.

அவ சட்டுனு நிமிந்தா. "இன்னைக்கு நான் அங்க எதையும் கழுவல. சத்தியமா. தண்ணி மட்டும்தான் பிடிச்சேன்."

எனக்கு அப்ப பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. ராய்ஸ்டன் தலைய ஆட்டி ஆட்டி, நீ இல்லம்மா, நான், நான்தான்னு சொன்னாரு. கக்கூஸ் பெட்டிய அந்தக் குழாய்ல அலசினேன், நீ வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி, அந்தத் தண்ணியக் கொட்டிடுன்னு சொன்னாரு.

அவ புட்டிய எடுத்துப் பாத்தா. மூடியத் திருகிக் கழட்டி புல்லுல கவுத்தா. மெதுவா, கடைசிச் சொட்டு வரைக்கும்.

"காலைல ஒரு புட்டி குடிச்சுட்டான்"ன்னா. "பாலுக்குத் தண்ணி கொதிக்க வச்சேன். ஆனா புட்டிய அலசினது பச்சத் தண்ணியில."

காலிப் புட்டிய மடில வச்சுட்டு இவர நேராப் பாத்தா.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்ல, அப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பரவாயில்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவ அழுவா, கத்துவான்னு எதிர்பாத்தேன். ரெண்டும் பண்ணல. பாப்பாவத் தூக்கிட்டு உள்ள போய் ஜிப்ப இழுத்துச் சாத்திட்டா. அந்த ஜிப்புச் சத்தம் மொகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

இவரு போய் நடந்ததச் சொன்னதும் மெர்வ் வந்து தண்ணிய நிறுத்தி, குழாய் மூக்குல மருந்தடிச்சு, பிளாஸ்டிக் பையச் சுத்திக் கட்டினான். நல்ல பையன். இவரு மொகத்தப் பாத்துட்டு, காலைல இருந்து இந்தக் குழாய்ல பிடிச்ச தண்ணியக் கொட்டுங்கன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடுறேன், காரணம் எழுத வேண்டாம்னான். இவருக்கு அவ்வளவு நேரமாத் தேடின சந்து அப்பத்தான் தொறந்துச்சு. என்ன பண்றாருன்னு பாத்துட்டு நின்னேன்.

"நோட்டீஸ் ஒட்டு. அதுக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன்"ன்னாரு.

நின்னாரு. மொதல்ல கேரவன் கேரவனாப் போய்ச் சொன்னாரு. அப்புறம் குழாயடியில போய் நின்னு, வாளியோட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே பேச்சு. நான் கக்கூஸ் பெட்டிய இதுல அலசிட்டேன், காலைல பிடிச்சிருந்தா கொட்டிடுங்க, நல்ல தண்ணி முகாம் வாசல் கேட்டுப் பக்கத்துல இருக்குற இன்னொரு குழாய்ல வரும். சில பேரு கேட்டுட்டுப் பேசாமத் திரும்பிட்டாங்க. வேல்ஸ்லருந்து வர்ற ஒரு கெழவி ஏற்கெனவே ரெண்டு கப் டீ குடிச்சாச்சு, சுவை ஒண்ணும் மாறலன்னா. ஆனா ஆறாம் நம்பர் இடத்துக்காரன் ஒருத்தன் இருக்கான், நாய்க் கயிறு விஷயமா இவருகிட்ட ரெண்டு வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டவன். அவன் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாத்தையும் கூப்பிட்டு வந்து நிறுத்திக்கிட்டான்.

"இன்ஸ்பெக்டர் சார், எனக்குச் சரியாக் காதுல விழல. எதுல எத அலசினீங்க?"

ராய்ஸ்டன் திரும்பச் சொன்னாரு. அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னாரு.

நான் கேரவன் திரைய இழுத்து விட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன். ரயிலுக்குக் கட்டின சாண்ட்விச்ச எடுத்து மேசை மேல வச்சேன், யாரும் தொடல. எனக்கு அவரு மேல கோவம்னா அது ஒரு விதம். வெக்கம் அப்படி இல்ல. அது நாம பண்ணாததுக்கும் வருது. இந்த முகாம்ல எல்லாருக்கும் நான் அவரு பொண்டாட்டி, இருபது வருஷமா அவரு பேச்சுக்கு நானும் தலையாட்டினவ மாதிரிதான் தெரிஞ்சிருப்பேன்.

சும்மா உக்காந்திருந்தா பாப்பாவுக்குத் தண்ணி யாரு கொண்டு வருவா? எங்க கேன கொதிதண்ணி விட்டுக் கழுவி, கேட்டுக் குழாய்ல பிடிச்சு, கீலி கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டேன். ஜிப்பக் கொஞ்சமாத் தொறந்து கேன வாங்கிக்கிட்டா. இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, காய்ச்சல் இல்ல, பாத்துட்டு இருக்கேன்னா. டாக்டர்கிட்டப் போகணும்னா நாங்க கார்ல கூட்டிட்டுப் போறோம்னு சொன்னேன்.

"நீங்க ஓட்டினா வர்றேன்"ன்னா.

அத நான் அவருகிட்டச் சொல்லல. ஆனா ராய்ஸ்டன் அன்னைக்கு முழுக்க அந்தக் கூடாரத்தத்தான் பாத்துட்டு இருந்தாரு. பாப்பா அழுதா இவரு நாற்காலிய விட்டு எந்திரிச்சிருவாரு. அழுகை நின்னா உக்காருவாரு. வெறும் பசி அழுகைதான்னு நானும் லோர்னாவும் மாத்தி மாத்திச் சொன்னோம். அவருக்கு ஏறல.

திங்கக்கிழமை கீலி புருஷன் வந்து கூடாரத்தப் பிரிச்சுக் கார்ல அடுக்கினான். அவன் எங்க பக்கம் பாத்த பார்வையிலயே அவ சொல்லிட்டான்னு தெரிஞ்சுது. சண்டைக்கு வருவான்னு ராய்ஸ்டன் எந்திரிச்சு நின்னாரு. வந்தா வாங்கிக்கணும்னுதான் நின்னாருன்னு நினைக்கிறேன். அவன் வரல. அவதான் பாப்பாவ இடுப்புல வச்சுட்டு வந்தா. பாப்பா குண்டா, செவத்த கன்னத்தோட, காலை ஆட்டிட்டு இருந்தான்.

"நல்லாத்தான் இருக்கான். ராத்திரி தூங்கினான், காலைல குடிச்சான். சொல்லாமப் போனா உங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் வந்தேன்."

ராய்ஸ்டனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ரொம்ப நன்றிம்மான்னாரு. அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியாம, பையன் பேரு என்னன்னு கேட்டாரு.

அவ ஒரு நிமிஷம் அவரப் பாத்தா.

"வேண்டாம்"ன்னா. கோவமாக் கூடச் சொல்லல. பாப்பாவ அந்தப் பக்க இடுப்புக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா.

அவங்க கார் கேட்டத் தாண்டிப் போற வரைக்கும் ராய்ஸ்டன் அங்கயே நின்னாரு. அப்புறம் கார்ச் சாவிய என் கைல குடுத்துட்டு, பக்கத்து சீட்டுல போய் உக்காந்து பெல்ட்ட மாட்டிக்கிட்டாரு. டட்லி வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.