கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஐந்து நிமிடம்

கப்பை வாங்கியதும் கோட்டக்கா மூடியைத் திறந்துவிட மாட்டார். கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். கப்பில் ஒட்டியிருக்கும் பட்டையே வெப்பத்தைக் காட்டும். ஆனாலும் கை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. "ஆறிப் போயிருந்தா வீட்டுலேருந்து கொண்டாந்ததுன்னு அர்த்தம்" என்பார்.

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம் அவருக்கு ஒரு சின்ன அறை. ஒட்டியிருக்கும் கழிப்பறையில் குழாயைத் திறக்க முடியாதபடி டேப் சுற்றியிருக்கும். தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம். யாரும் தண்ணீர் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதாம். ஓட்டுநர்களின் சிறுநீரில் போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சோதனை அட்டையில் ஒவ்வொரு போதைக்கும் ஒரு வரிசை. கோடு விழுந்தால் சுத்தம், விழாவிட்டால் சிக்கல். இது லேசில் யார் மண்டையிலும் ஏறாது. 'கோடு, கோடு' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குக் கோட்டக்கா என்ற பெயர் வந்துவிட்டது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

அட்டையில் சொட்டு விட்டதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் கவிழ்த்து மூடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைப்பார். "முந்திப் பார்த்தா பொய் சொல்லும்." ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். மேலாளரே வந்து நின்றாலும் அதில் ஒரு விநாடி கூடாது, குறையாது.

அவருடைய ஆர்வம் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இடுப்பு அறுவைக்குப் பின் வலி மாத்திரையில் காலம் தள்ளிய கணவரையும் ஒருநாள் கப்போடு அனுப்பினார். எல்லா வரிசையிலும் கோடு பளிச்சென்று விழுந்தது. "இத்தனை மாத்திரை தின்னும் இதுக்குத் தெரியலை பாருங்களேன்! இது வேற ஜாதி மாத்திரை போல" என்று அன்று முழுக்க அதிசயப்பட்டார்.

போன வாரம் வந்த ஓட்டுநர், படிவத்தில் 'சாப்பிடும் மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அக்கா மூன்று முறை கேட்டும் இல்லைதான். கூட்டை எடுத்தால், அபின் வரிசை காலி. எட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"ஒரு கோடு கம்மி. நல்லதுதானேக்கா?"

அக்கா படிவத்தை இழுத்து மறுபடி பார்த்தார். ஒரு கோடு குறைந்தாலும் மேலாளர் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மருந்தின் பெயர் படிவத்தில் இருந்தால் மட்டும், பெரிய லேபும் டாக்டரும் பார்த்துச் சொல்லும்வரை பணிமனையிலேயே வேறு வேலை தருவார்.

"என்னண்ணே, வந்ததுலேருந்து ஒரு பக்கமாவே பேசுறீங்க?"

"முந்தாநேத்து கடைவாய்ப் பல்லைப் புடுங்கினாங்க. டாக்டர் மாத்திரை குடுத்தார். எழுதினா வண்டியக் குடுக்க மாட்டாங்களோன்னு..."

சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டு வந்தது. அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கோடீன். இதுவும் அபின் ஜாதிதான். உள்ள போனா கொஞ்சம் மார்ஃபினா மாறிடும். வலிக்குத் தின்னதா போதைக்குத் தின்னதான்னு அட்டை கேக்காதுண்ணே. நீங்கதான் சொல்லணும். அந்த 'இல்லை'ய அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டு எழுதுங்க."

ஓட்டுநர் 'இல்லை'யை அடித்துவிட்டு, சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். முதல் எழுத்தைத் தாண்டவில்லை. மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார்.

"முடிஞ்சுதா?"

அக்கா கடிகாரத்தைக் குப்புறத் திருப்பினார். கூட்டை எடுத்து மறுபடி அட்டையின்மேல் கவிழ்த்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகலைங்க."