கால் எட்டாத பெஞ்சு

என் அக்காவின் முழங்கால் இரண்டையும் கெடுத்தவை குட்டி நாற்காலிகள். முப்பது வருஷம் அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அங்கே நாற்காலி, மேசை, கை கழுவும் தொட்டி எல்லாமே மூன்று வயதுக்கு அளவெடுத்துச் செய்தவை. பெரியவர்கள் உட்காருகிற மாதிரி ஒரே ஒரு நாற்காலி உண்டு, அது மேலாளரம்மாவின் அறையில். அக்கா முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து ஊட்டினாள், மூக்குத் துடைத்தாள், தட்டித் தூங்க வைத்தாள். வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டே சமைத்தாள். அவளுக்கு உட்காருவதும் ஒரு வேலைதான்.

நான் அவள் தங்கை, பக்கத்து வீட்டில் குடியிருந்து துணி தைக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் பெயர். அக்காவுக்கு வாயே கிடையாது என்று பெயர். அது பொய் என்று தெரிய அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற வாரமே மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தெரு முழுக்க ஒரு சேதியைப் பரப்பிவிட்டார். இனி வீட்டுக்குப் பின்னாலேயே காப்பகம். குளியலறைக்குப் பின்புறம் சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு கூரை, ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். அக்கா பார்த்துக்கொள்வாள்.

"அவளுக்கும் பொழுது போகணும் இல்லையா" என்று என்னிடமே சொன்னார்.

இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் கத்தரிக்கோலுக்கு வேலை இருக்கிறது. மாமா ஓய்வு பெற்றதிலிருந்து டிவி முன்னால் சாய்ந்தே கிடக்கிறார். அவருக்குப் பொழுது போகிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"அக்காவக் கேட்டீங்களா மாமா?"

"கேக்க என்ன இருக்கு? பிள்ளைங்கன்னா அவளுக்கு உசுரு."

உயிர்தான், யார் இல்லை என்றது? அந்த உயிரில் கொஞ்சத்தைத் தனக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். மதிலுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில், கொய்யா மரத்தடியில், வீட்டில் செத்துப்போன சாமானெல்லாம் கிடந்தது. உடைந்த வாஷ்பேசின், துருப்பிடித்த கட்டில் சட்டம், 'எதுக்காவது ஆகும்' என்று மாமா சேர்த்து வைத்த தகரங்கள்.

"இங்க ஒரு பெஞ்சு கட்டப் போறேன். பெரியவங்க உக்கார்ற மாதிரி" என்றாள்.

"எந்தப் பெரியவங்க?"

"நான்தான். வேணும்னா நீயும் வா. ஆனா இங்க வந்து என்னை யாரும் எதுவும் கேக்கக் கூடாது. சாவி எங்க, சட்டை எங்க, சாப்பாடு ஆச்சா, ஒண்ணும் கேக்கக் கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அவள் மாமாவிடமும் மென்று விழுங்காமல் நேராகவே சொன்னாள். "அந்த இடம் எனக்கு. காப்பகமும் கிடையாது, ஊஞ்சலும் கிடையாது." மாமா சிரித்தார். "சரி சரி, பிள்ளைங்க தூங்கற நேரத்துல நீ உக்காந்துக்கோ" என்றார். நாங்கள் இரண்டு பேரும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குப்பையை இழுத்துப் போட்டோம். ஒவ்வொரு தகரத்துக்கும் மாமா வாசற்படியில் நின்று வக்காலத்து வாங்கினார்.

கட்ட வந்த கொத்தனார் அக்கா வளர்த்த பிள்ளை. முப்பது தாண்டி இளநரையும் வந்துவிட்டது, ஆனாலும் மூன்று வயதில் அவள் கையால் சாப்பிட்டவர். இன்றைக்கும் அவளை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார், அவள் எதிரில் பீடியை மறைப்பார்.

"எவ்வளவு ஒசரம் ஆயாம்மா?"

அக்கா லேசாகக் குனிந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, "இவ்வளவு" என்று காட்டினாள். முழங்கால் வைத்தியரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வேறு எந்தக் கொத்தனாராக இருந்தாலும் இது என்ன இவ்வளவு தாழ்வாக என்று கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. ஆயாம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கர்ம சிரத்தையாகக் கட்டி, விளிம்பையெல்லாம் வழவழவென்று பூசிவிட்டுப் போய்விட்டார்.

பூச்சு காய்ந்த பிறகு அக்கா போய் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது. முப்பது வருஷமாகப் பழகிய உயரத்தைத்தான் அந்தக் கை காட்டியிருக்கிறது. அதற்கு வேறு உயரம் தெரியாது.

மாமா இருமல் வரும்வரை சிரித்தார். "பாத்தியா, உன் கையே சொல்லுது இது யாருக்குன்னு."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கிவிட்டதும் குழந்தை ஓடிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தது. அதன் பாதம் இரண்டும் அழகாகத் தரையில் பதிந்தன. "திங்கக்கிழமையிலேர்ந்து கொண்டாந்து விடும்மா" என்று மாமா அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். எனக்கு ஆத்திரம் முதலில் அவள்மேல்தான் வந்தது. இவ்வளவு பேசிவிட்டுக் கடைசியில் வாயை மூடிக்கொண்டாளே என்று அன்றைக்கு இரண்டு ரவிக்கையைக் கோணலாகத் தைத்தேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் திரும்ப வந்து நின்றார். அக்காதான் கூப்பிட்டிருந்தாள்.

"இடிச்சிடவா ஆயாம்மா?"

"எதுக்கு இடிக்கணும்? மேல ஏத்து."

"எவ்வளவு?"

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என் கையப் பாக்காத. நான் போதும்ங்கற வரைக்கும் நீ பாட்டுக்குக் கல்ல வை."

வைத்தார். நாற்காலி உயரம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும்" என்றாள்.

இன்னொரு வரிசை வைத்தார். "ஆயாம்மா, இதுக்கு மேல போனா உங்களுக்கே கால் எட்டாது."

"எட்டக் கூடாதுப்பா. தரையில கால் பட்டா, யாராவது கூப்பிட்ட உடனே எழுந்து ஓடிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் இன்னொரு வரிசை ஏற்றினார். ஓரத்தில் ஏற ஒரு படி வைத்தார். யாரும் சொல்லாமலே முதுகுக்குச் சாய்வு கட்டினார், டீ கிளாஸ் வைக்கக் கைப்பக்கம் ஒரு பலகைக் கல் பதித்தார். வெயிலுக்கு மேலே மாமாவின் தகரத்தையே போட்டோம். அது கடைசியில் எதற்காவது ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நானும் அக்காவும் பெஞ்சில் இருந்தோம். எதிர்வீட்டுப் பெண் ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் பையுமாகப் பின்பக்கம் வந்தாள். குழந்தை பெஞ்சில் ஏறப் பார்த்தது. முடியவில்லை. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் கையை நீட்டவில்லை.

"மாமாதான் இன்னைலேர்ந்து விடச் சொன்னாரு" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப மாமாகிட்டயே விட்டுட்டுப் போம்மா, உள்ளதான் இருக்காரு. நாளைலேர்ந்து காப்பகத்துல விடு. என் இடத்துக்கு வந்திருக்கற பொண்ணு தங்கமா பாத்துக்குவா. நான் பாக்க மாட்டேன்."

சத்தம் போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், குழந்தையை உள்ளே மாமாவின் மடியில் உட்கார வைத்துவிட்டு ஓடினாள்.

கொஞ்ச நேரம் டிவி சத்தம். அப்புறம் அழுகை. அப்புறம் மாமாவின் குரல்.

"ஏய், இங்க வாயேன். இது அழுவுது."

அக்காவின் இரண்டு கையும் பெஞ்சை அழுத்தின. உடம்பு பாதி எழும்பிவிட்டது. கால்கள் முன்னால் போய்த் தரையைத் தேடின. தரை அங்கே இல்லை. அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அந்த ஒரு தடவை என் நீளமான வாயும் திறக்கவில்லை. அக்கா மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஈரம் பண்ணிடுச்சு. மாத்துத் துணி எங்கடி?"

"பையில இருக்கும், தேடுங்க" என்று நான்தான் கத்தினேன். அக்காவை இங்கே யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

உள்ளே ஏதோ கவிழ்ந்தது. மாமா முணுமுணுத்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றது. அக்கா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

"பாத்தியா, அவருக்கும் கை இருக்கு" என்றாள்.